நாற்பதைத் தாண்டிய கடைக்காரர்களுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள்

மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் மாண்புமிகு அமைச்சருக்கும் உயர் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிறு வியாபாரிகளுக்காக 2019 செப்டம்பரில் தொடங்கிய மான்தன் ஓய்வூதியத் திட்டத்தின் விதிகளைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டினால், 60 வயதிலிருந்து மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். அந்த விதிகள் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தையல் கடைக்காரியை என்ன செய்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனேன். பிறந்த தேதியைத் தட்டியதுமே கணினி மறுத்துவிட்டது. எனக்கு வயது 43. "நாற்பதுக்குள்ள வந்திருக்கணும் அக்கா" என்றார் அங்கிருந்த தம்பி.

நாற்பதுக்குள் நான் எங்கே இருந்தேன்? ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தைத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள். பி.எஃப். உள்ளவர் இந்தத் திட்டத்தில் சேர முடியாது என்பது தங்கள் விதி. ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது எனக்குப் பத்தாண்டு சர்வீஸ் நிறையவில்லை, அதனால் பி.எஃப். வழியாக வரும் ஓய்வூதியமும் இல்லை, கட்டிய பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பணம்தான் இரண்டு தையல் மெஷினும் கடை அட்வான்ஸும் ஆயிற்று. இன்று எனக்கு பி.எஃப். இல்லை. வருமான வரி கட்டுமளவு வருமானம் இல்லை. தாங்கள் வைத்த ஆண்டு விற்பனை வரம்பான ஒன்றரைக் கோடியை நான் எண்ணிப் பார்த்ததுகூட இல்லை. வயது இருந்தபோது தகுதி இல்லை, தகுதி வந்தபோது வயது இல்லை என்றால் நான் எப்போதுதான் சேர்ந்திருக்க வேண்டும்?

எங்கள் பக்கத்தில் பலர் இப்படித்தான் கடைக்காரர்கள் ஆகிறார்கள். தோல் ஷெட்டில் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் வந்தவர் பழ வண்டி தள்ளுகிறார். குடியாத்தத்தில் பீடி சுற்றி இடுப்பு போனவர் வாசலில் இட்லிக் கடை போடுகிறார். இருபது வயதில் கடை அட்வான்ஸுக்குப் பணம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? நாற்பதில் சிறு வியாபாரி, நாற்பத்தொன்றில் குபேரன் என்று கணக்குப் போட்டவர் யாரென்று தெரிந்தால் அவர் வீட்டுத் துணிகளை இலவசமாகவே தைத்துத் தருவேன்.

மத்திய அரசின் இன்னொரு திட்டமான அடல் ஓய்வூதியத்திலும் அதே நாற்பதுதான். என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். சேரலாம்தான், ஆனால் அதில் எங்களுக்கு அரசின் பங்கும் கிடையாது, மாதம் இவ்வளவு வரும் என்ற உறுதியும் கிடையாது.

அரசு கதவை மூடினால் வேறு யாராவது திறந்து வைக்கிறார்கள். லட்சம் கட்டினால் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் வட்டி என்ற பேச்சை நம்பி இந்த மாவட்டத்துக்காரர்கள் ஏமாந்து நின்றது 2022இல் செய்தித்தாள்களில் வந்ததுதானே? அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. அவர்களிலும் முதுமைக்கு வழி தேடிய கடைக்காரர்கள் இருந்தார்கள்.

இன்று 18 வயதில் சேர்கிற பிள்ளைக்கும் 42 ஆண்டு கழித்து அதே 3,000 ரூபாய்தானாம். அன்றைக்கு அதில் ஒரு ஜாக்கெட்டுக்குத் தையல் கூலியாவது கொடுக்க முடியுமா? சரி, அது வேறு வழக்கு. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். சேரும் வயதின் மேல்வரம்பை 55 ஆக்குங்கள். நாற்பதில் சேர்கிறவர் மாதம் 200 ரூபாய் கட்டுகிறார், அரசும் அதே அளவு போடுகிறது. எங்கள் வயதில் சேர்பவர்களுக்கு அந்தத் தொகை போதாதென்றால் கூடுதலாகக் கேளுங்கள், கட்டுகிறோம். ஓய்வூதியத்தை அறுபதுக்குப் பதில் அறுபத்தைந்தில் தொடங்கினாலும் சம்மதம். எப்படியும் அதுவரை மெஷினை மிதித்துக்கொண்டுதான் இருப்பேன். குறைந்தபட்சம், பி.எஃப். காரணமாக முன்பு சேர முடியாமல் போனவர்களுக்காவது வயதுத் தளர்வு தாருங்கள்.

தயவுகூர்ந்து பரிசீலித்துப் பதில் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதில் தமிழில் இருந்தால் கடைக்கு வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி ஒருத்தி,
சத்துவாச்சாரி, வேலூர்