கீழ்மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

முருகன் துணை

சங்க உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியின் பல கட்டடங்களைப் போல நம் கோயிலும் சரிவில் நிற்கிறது. தெருப்பக்கமிருந்து பார்த்தால் கீழ்மண்டபம் தரைத்தளம். பின்பக்கம் போனால் அதே மண்டபத்தின் சுவர் ஆளுயரத்துக்கு மேட்டு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடப்பது அங்கேதான். காவடிகள், அண்டாக்கள், நாம் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்லும் தெருக்கூத்தின் கிரீடங்கள், புஜக்கட்டைகள் எல்லாம் இருப்பதும் அங்கேதான். 2023 தைப்பூசத்துக்குக் காவடிகளை வெளியே எடுத்தபோது மயிற்பீலியெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது என்று அன்று பலர் கேட்டதற்கு இப்போதுதான் முழுப் பதில் தர முடிகிறது.

சுவரில் ஈரம் ஊறும் இந்த ஓதம் புதிதல்ல. இதற்கு முன் மூன்று முறை சுவரைச் சுரண்டி, ‘நீர்புகா’ வண்ணம் என்று ஒன்றைப் பூசி, மூன்று முறையும் அது அப்பளம் போலப் பொரிந்து விழுந்தது. மண்ணிலிருந்து வரும் நீர் சுவரின் உப்பைக் கரைத்துக்கொண்டு உட்பக்கம் வந்து உலர்கிறது. அங்கே படியும் உப்பு வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். உட்பக்கம் எதைப் பூசினாலும் கதை இதுதான். பூசியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பூசச் சொன்னது நாங்கள்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அப்போது மண்டபத்தில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. நானூறு பேருக்கு மேல் உயிரிழந்த அந்த வெள்ளத்தில் நம் கணுக்கால் தண்ணீரைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதைப் பார்த்த பிறகு, எல்லாம் மேட்டிலிருந்து இறங்கும் நீர்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். மண்டபத்தைப் பெருக்கும் ஆயா ஒருவர் மட்டும், “மழையே இல்லாத நாள்லயும் சுவரு வேர்க்குதுப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

கடைசியில் காசில்லாத சோதனை ஒன்று செய்தோம். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாள்களை நான்கு சுவர்களிலும் ஒட்டி, ஓரங்களை டேப்பால் இறுக மூடி, இரண்டு நாள் விட்டோம். மேட்டுப்பக்கச் சுவரில் தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. அது மண்ணின் ஈரம். பக்கச் சுவர்களிலோ தாளின் முன்புறம், அறையைப் பார்த்த பக்கம், துளிகள். அது காற்றின் ஈரம். நோய் ஒன்றல்ல, இரண்டு.

இரண்டாவது நோயை வளர்த்தது நாங்களேதான். அக்டோபர் முதல் மார்ச் வரையான நம் கோடையில் காற்றோட்டம் வேண்டுமென்று சன்னல்களைத் திறந்து வைத்தோம். 28 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, சுமார் 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீர்விட ஆரம்பிக்கும். மண்ணுக்குள் இருக்கும் சுவர் அதைவிடக் குளிர்ச்சியானது. டர்பன் கோடைக் காற்றை அழைத்து வந்து சுவரில் வடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

வேலையை மழை ஓய்ந்த ஜூன் மாதத்தில் தொடங்கினோம். கூரைத் தாழ்வாரத் தொட்டியின் நீர் சுவரடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. குழாயை நீட்டித் தள்ளி விட்டோம். பின்பு மேட்டுப்பக்கம் பள்ளம். ஒரேயடியாகத் தோண்டினால் மேடு சரியும், சுவரும் சாயலாம். ஆகவே மூன்று மூன்று மீட்டராக, அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் தோண்டினோம். சுவரைக் காயவிட்டு, தார்ப்படலத்தைச் சூடேற்றி ஒட்டி, அதற்குக் காவலாகக் குமிழ் புடைத்த பிளாஸ்டிக் தாள் வைத்தோம். அடியில் துளைக்குழாய், சுற்றிலும் ஜல்லி, மண் புகாதபடி வடிதுணி. செலவில் பாதிக்கு மேல் இந்தப் பள்ளத்துக்கே போயிற்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இவ்வளவு பணமா என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் வேறு பதில் இல்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூசை அன்று பள்ளத்தின் மேல் பலகை போட்டுக் கூழ்ப் பானையைச் சுமந்த பெண்களுக்குத் தனி நன்றி.

துளைக்குழாயில் சேரும் நீரை இறைக்கப் பம்பு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 2023-ல் மின்வெட்டு எப்படியிருந்தது என்பதை நினைவுபடுத்தத் தேவையில்லை. நமக்குச் சரிவு இருக்கிறது. அந்த நீர் தானாகவே கீழ்த்தெரு மழைநீர் வடிகாலுக்கு இறங்குகிறது. கழிவுநீர்க் குழாயில் சேர்க்கவில்லை. மாநகராட்சி விதி அதை அனுமதிப்பதில்லை.

உள்ளே, அறைக்காற்று குளிர்ந்த சுவரைத் தொடாதிருக்க, எக்ஸ்.பி.எஸ் எனப்படும் வெப்பம் தடுக்கும் 50 மில்லிமீட்டர் நுரைப்பலகையைச் சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டி, எல்லா இணைப்பையும் டேப்பால் அடைத்தோம். ஒரு கீற்று திறந்திருந்தாலும் காற்று பின்னால் போய் அங்கே வியர்க்கும். கண்ணாடிப் பஞ்சு மலிவு என்றார்கள். நனைந்தால் பஞ்சு பஞ்சாக இராது. மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்த வேண்டுமென்பதையும் மறுத்துவிட்டோம். பழைய சுவரில் மிச்சமுள்ள ஈரம் உட்பக்கமாக மெல்ல வெளியேற வழி வேண்டும். கற்பூரமும் விளக்கும் ஏற்றும் இடத்தில் நுரை வெளியே தெரியக் கூடாது என்பதால், ஈரம் தாங்கும் ஜிப்சம் பலகையால் முழுக்க மூடினோம். பலகையைத் தாங்கும் சட்டங்கள் இரும்பு; மரமானால் கரையானுக்கு விருந்து. பலகையின் அடி தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை தூக்கியிருக்கிறது. தரைக்கு ஓடு.

கடந்த கோடை முழுவதும் ஈரமானியை வகுப்பறை மேசையில் வைத்துப் பார்த்தோம். பெரும்பாலான நாட்களில் 60 விழுக்காட்டுக்குள் நின்றது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓட வேண்டும்; அதன் வாளியைக் கொட்டும் பொறுப்பு சனிக்கிழமை வகுப்புப் பெற்றோர்களுக்கு, முறை வைத்து. அக்டோபர் முதல் மார்ச் வரை சன்னல்களைத் திறக்க வேண்டாம். புழுக்கமாக இருக்கிறதென்று யாராவது திறந்தால் ஆயா வந்து மூடுவார். அவரிடம் வாதாட வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும். மேட்டுப்பக்க மூலையில் ஒரு பலகையை மட்டும் திருகாணி கழற்றித் திறக்கும்படி அமைத்துள்ளோம். அங்கே ஒரு சாண் அகலத்துக்கு இன்னும் உப்புப் பூக்கிறது. பழைய ஈரம் வெளியேறுகிறதா, புதிதாக வருகிறதா என்பது இன்னொரு மழைக்காலம் போனால் தெரியும். அதுவரை ஒப்பந்தக்காரருக்கான கடைசித் தவணையை, அவர் சம்மதத்துடன், நிறுத்தி வைத்திருக்கிறோம்.

திருப்பணிக் குழு
2024 ஏப்ரல்