முத்து சார் எழுதும் கடிதம்

காரைக்குடி
ஐப்பசி 12

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். என்ன செய்ய, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. "தாயும் சேயும் நலம்" என்று போனில் ஒரு வரி அனுப்பினேனே, அதற்கப்புறம் எனக்கு உட்கார நேரமில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, குழந்தைக்கு வெந்நீர், வருகிறவர்களுக்குக் காப்பி. இன்று மழை பிடித்துக்கொண்டதால் யாரும் வரவில்லை. பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன்.

"என்ன குழந்தை, என்ன பேர்?" என்று கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு நீயே கண்டுபிடி. நீயும் தமிழாசிரியைதானே.

கதை வளைகாப்பிலேயே தொடங்கிவிட்டது. தேவகோட்டையிலிருந்து வந்த சம்பந்தி, சாப்பிட்டு எழுந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பையனா இருந்தா எங்க ஐயா பேரு, அண்ணாமலை. பொண்ணா இருந்தா உங்க விருப்பம்போல வச்சுக்கங்க" என்றார். நல்ல மனுஷர், பெருந்தன்மையாகத்தான் சொன்னார். என் மகளுக்குத்தான் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர்கள் போனதும், "அது என்னம்மா, பையன்னா பாரம்பரியம், பொண்ணுன்னா உங்க விருப்பமா? எது பொறந்தாலும் ஒரே பேருதான். இப்பவே முடிவு பண்ணிடுறோம்" என்றாள். மாப்பிள்ளை தலையாட்டினார். பெங்களூரில் இரண்டு பேரும் சேர்ந்து முன்பே பேசியிருப்பார்கள் போல.

சம்பந்தியைக் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சீமையில் பேர் என்பது சொத்து மாதிரி, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்குவது. பேரன் என்ற சொல்லே பேரிலிருந்துதான் வந்தது என்று இங்கே அடித்துச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஒரே வகுப்பில் நான்கு அண்ணாமலை. இனிஷியலைச் சொல்லித்தான் வருகைப்பதிவு எடுப்பேன். செட்டியார் வீட்டு இனிஷியலும் வெறும் எழுத்து இல்லை, பேரின் ஒரு துண்டு: லெ., சித., பழ., மெய்., இராம. என்று. அதையே இங்கிலீஷில் எழுதும்போது சிதம்பரம் சி.டி. ஆவார், பழனியப்பன் பி.எல்., இராமநாதன் ஆர்.எம். நம் வள்ளல் அழகப்பச் செட்டியார் பேருக்கு முன்னால் நிற்கும் ஆர்.எம். அவருடைய அப்பா இராமநாதன்தான். இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே ஆள். இப்போது கம்ப்யூட்டரில் படிவம் நிரப்புகிற பிள்ளைகள் நடுவில் இடம் விட்டு அடித்துவிடுகிறார்கள். ஒரு அப்பா இரண்டாக உடைந்து போகிறார்!

சரி, பேர் தேடிய கதைக்கு வருகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் தமிழில் பேருக்குப் பஞ்சமா? எழில், மகிழ், தமிழ், அன்பு, அருள், கதிர், முகில், மலர், மணி என்று மகள் போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். முதல் இடம் மகிழ். எனக்கும் பிடித்திருந்தது. இங்கிலீஷில் எழுதிப் பார்த்ததும் தகராறு வந்தது. ழகரத்துக்கு இஸட்டும் ஹெச்சும் போட வேண்டும் என்கிறாள் மகள். பெங்களூரில் அதைப் படிக்கிறவர்கள் வாயில் அது "மகிஸ்" ஆகிவிடுகிறது என்கிறார் மாப்பிள்ளை. நான் சொன்னேன், இந்த ஊர்க்காரர்கள் எந்தக் காலத்தில் இஸட் ஹெச் போட்டார்கள்? அழகப்பா பல்கலைக்கழக வாசலில் போய்ப் பார், வெறும் எல்தான். பழனியப்பனும் பி.எல்.தான், பி.இஸட்.ஹெச். இல்லை. ஆனால் எல் போட்டால் ஊர் தெரியாதவர்கள் "மகில்" என்பார்கள். ஆக இஸட்டும் தப்பு, எல்லும் தப்பு. 2020 ஜூனில் அரசாங்கமே 1,018 ஊர்ப் பேர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷில் மாற்றி எழுத உத்தரவு போட்டுவிட்டு, ஊரெல்லாம் சிரித்ததும் சில நாளிலேயே திரும்ப வாங்கிக்கொண்டது, ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கத்துக்கே முடியாதது எங்கள் வீட்டுக் கூடத்தில் முடியுமா? மகிழ் போயிற்று. எழிலும் தமிழும் அதே வழியில் போயின.

அப்போதுதான் மகள் என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா, பொதுப் பேரோட வாழ்ந்தவ நீதானே" என்றாள்.

உண்மைதான். வீட்டில் வைத்த முத்துக்கருப்பாயியை, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் முத்து என்று நறுக்கி எழுதினார். அன்றிலிருந்து பாதித் தபால் "திரு. முத்து" என்றுதான் வருகிறது. தேர்தல் வேலை கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டியலில் என்னை ஆண் என்று ஏற்றிவிட்டார்கள். கூட வேலை பார்த்த டீச்சர்களுக்கெல்லாம் பக்கத்து ஊர் வாக்குச்சாவடி. எனக்கு மட்டும் பஸ் போகாத ஊர், முதல் நாள் ராத்திரியே போய்ப் பள்ளிக்கூடத்தில் படுக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் அதிகாரி "முத்து சார் வந்துட்டாரா?" என்று கேட்க, நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்க, முந்நூறு பேரும் சிரித்தார்கள். மாற்றித் தரச் சொல்லலாம்தான். வீம்புக்குப் போனேன். அந்த ஊர்ப் பெண்கள் ராத்திரி எனக்கு வாசலில் கட்டில் போட்டு, துணைக்கு நாலு பேர் சுற்றிப் படுத்துக்கொண்டு, விடிய விடியக் கதை பேசினார்கள். ஆம்பிளை அதிகாரியாகப் போயிருந்தால் அந்தக் கதையெல்லாம் கிடைத்திருக்காது. அன்றிலிருந்துதானே நீயும் என்னை "முத்து சார்" என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

ஆகவே மகளிடம் சொன்னேன்: பொதுப் பேரால் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. கொஞ்சம் அலைச்சல் உண்டு, கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. நான் கோதை என்று வைக்கச் சொன்னேன். மாப்பிள்ளை, "பையனுக்கா அத்தை?" என்று பயந்துவிட்டார். புறநானூற்றில் கோக்கோதை மார்பன் என்று ஒரு சேர ராஜாவே இருக்கிறான் என்றேன். ஶ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் கோதை. "கோதை வந்தான்" என்றும் சொல்லலாம், "கோதை வந்தாள்" என்றும் சொல்லலாம். ஆணா பெண்ணா என்பதைப் பேரில் தேட வேண்டியதே இல்லை, அதற்கு வினை முற்று இருக்கிறது என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கோதை மட்டும் தேறவில்லை.

கடைசியில் தேறியது மதி. மாப்பிள்ளைதான் சொன்னார். மதியழகனும் உண்டு, இந்துமதியும் உண்டு. நிலவும் ஆச்சு, அறிவும் ஆச்சு. ழகரமும் இல்லை, நிம்மதி என்று நினைத்தோம்.

நிம்மதி எங்கே? தகரம் இருக்கிறதே. டி ஹெச் போட்டு எழுதிய பேரை, ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்ட கோட்டயத்து நர்ஸ் பெண் படித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவர்கள் பாஷையில் மதி என்றால் "போதும்". அதே இங்கிலீஷ் எழுத்தில்தான் மத்தி மீனையும் எழுதுவார்களாம். போதும் அல்லது மத்தி! நம் பக்கம் நாலாவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பேர் வைப்பார்களே, அது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சங்கடம் ஒரு பக்கம். என் வகுப்பிலேயே ஒரு போதும்பொண்ணு இருந்தாள், முதல் மதிப்பெண் வாங்குவாள், பேரைக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மகளிடம் இதைச் சொல்லவில்லை. எழுத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். டீக்கடை டி வேண்டாம், டெல்லி டி போடு, அதோடு ஒரு ஹெச். நாம் நடுவில் சொல்லும் தகரம் மெத்தென்றுதானே விழுகிறது, அதற்கு அதுதான் பொருத்தம். மீன் கரையேறிவிட்டது. நியூமராலஜி தெரிந்த சித்தப்பா ஒருவர் கடைசியில் இன்னொரு ஐ சேர்த்தால் ராஜயோகம் என்றார். அவருக்கு இன்னொரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

நான் இதில் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் என் பென்ஷன். சர்வீஸ் புத்தகத்தில் என் பேருக்கு ஒரு டி, ஒரு ஹெச். ஆதாரில் இரண்டு டி, இரண்டு ஹெச். பாங்க் கணக்கில் ஹெச்சே இல்லாமல் இரண்டு டி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, அந்தப் பாங்கில் நாலு தடவை உட்கார வைத்தார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று எதிரே உட்கார்ந்து சொல்லும்போதே, "எந்த முத்து?" என்று கேட்டால் என்ன சொல்ல? இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு இன்னும் கெடுபிடி. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறிய எழுத்து ஆயுசுக்கும் கூட வரும். அவசரப்படாதே என்று மகளிடம் சொன்னேன். பிறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிட்டால் போதும், பேர் இல்லாமலே பதியலாம், 12 மாதம் வரை காசு இல்லாமல் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம். ஆனால் அவள் ஒன்பதாம் நாளே எழுத்தை மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்துவிட்டாள். என் மகள் இல்லையா.

சம்பந்திக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எல்லோருக்கும் நடுக்கம். குழந்தையைப் பார்க்க வந்தார்கள், சம்பந்தியம்மா பித்தளைத் தூக்கு நிறைய அதிரசம். தூக்கின் விளிம்பில் அவர்கள் ஐயா பேர் வெட்டியிருந்தது. புள்ளி புள்ளியாக உளியால் குத்திய எழுத்து, தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தது. அண்ணாமலை. அதில் ணா பழைய சுழித்த ணா, லையில் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு. 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தில் பதின்மூன்று எழுத்து மாறியதே, அதில் இரண்டு இந்த ஒரே பேருக்குள் இருக்கின்றன! மாப்பிள்ளையால் அதை உடனே படிக்க முடியவில்லை. நான் படித்துக் காட்டினேன். சம்பந்தி தூக்கை வாங்கி வேட்டியால் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்: "மதியைத் தலையில் வச்சிருக்கறவரு யாரு சம்பந்தி? அண்ணாமலையார்தானே?" அவர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "டீச்சர் பேசிட்டா நம்ம என்ன பேசறது" என்று அதிரசத்தை எடுத்துக்கொண்டார். முழு சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகும்போது குழந்தையை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். போதாதா?

நேற்று மழைக்கு முன்னால் கடைவீதிக்குப் போய் ஒரு வெள்ளிப் பாலாடை வாங்கினேன். பேர் வெட்டச் சொன்னேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. "என்ன பேரும்மா?" என்றார் கடைக்காரர். ம, தி என்றேன். "ரெண்டே எழுத்தா?" என்று அவருக்கு ஏமாற்றம். இங்கிலீஷில் வேண்டாமா என்று கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். பக்கத்தில் பூ போடட்டுமா வேல் போடட்டுமா, பையனா பொண்ணா என்றார். பிறை போடச் சொன்னேன். மெஷினை வைத்து ஒரு நொடியில் இழுத்துவிட்டார். தி-யின் சுழி மட்டும் கொஞ்சம் கோணல். பரவாயில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தஞ்சாவூரில் மழை உண்டா? தை பிறந்ததும் ஒரு எட்டு வந்து போ. அதிரசம் உனக்கென்று நாலு எடுத்து வைத்திருக்கிறேன், அதுவரை தாங்குமா தெரியவில்லை.

இரு, உள்ளே சத்தம் கேட்கிறது. மதி எழுந்துவிட்டாள்.

உன்
முத்து சார்