புகைக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய் என்றாலே பீடி, சிகரெட்டோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் உலக அளவில் இந்நோய்க்கு ஆளாகும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒருநாளும் புகைக்காதவர்கள் என மதிப்பிடப்பட்டுள்ளது.

காங்கேயம் அருகே வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வறட்டு இருமல் நிற்காதபோது, சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தும், எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை வைத்தே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் சி.டி. ஸ்கேனும் பயாப்சியும் எடுத்துப் புற்றுநோய் என்று அறிந்தபோது, அது எலும்புவரை பரவியிருந்தது. நலம் விசாரிக்க வந்தவர்களோ, "பொகையில போடுற பழக்கம் இருந்துச்சுங்களா?" என்று என் அக்காவைத் தனியே அழைத்துக் கேட்டார்கள்.

பெரியம்மாவின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தது. 2004-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த மாற்றம், புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் ஆசிய மக்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. மரபணு என்றதும், கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் எத்தகைய அச்சம் எழும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இம்மாற்றம் பெரும்பாலும் பிறவியிலேயே வருவதன்று. நுரையீரல் செல்லில் பிற்காலத்தில் நேர்வது. வழிவழியாக வரும் வகை மிக அரிது. ஏற்கெனவே இம்மாற்றம் உள்ள செல்களைக் காற்றிலுள்ள நுண்துகள்கள் தூண்டிவிடக்கூடும் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, கேஸ் இணைப்பு வந்த பிறகும் வெந்நீர் அடுப்பில் தென்னை மட்டை எரிக்கும் வீடுகள் அந்தப் புகையைப் பொருட்படுத்த வேண்டும்.

இந்நோயில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் பங்கு இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. நுரையீரல் கட்டிகளில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் உள்ளன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்துக்கொண்ட அமெரிக்கப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் கூடுதல் என்று 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதற்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

மரபணு மாற்றம் தெரிந்தால், முற்றிய நிலையிலும் ஜெஃபிட்டினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளால் நோயைக் கட்டுப்படுத்த வழியுண்டு. எனவே கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில், பயாப்சி முடிவு வந்தவுடன் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்னும் இரு மரபணுக்களுக்கான பரிசோதனைகள் கட்டணமின்றித் தாமதமில்லாமல் நடப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். சளியில் கிருமி இல்லாமலே காசநோய் மருந்து தொடங்கப்பட்ட பெண்களுக்கு இருமல் குறையவில்லையெனில், மருந்துக்காலம் முடியும்வரை காத்திராமல் சி.டி. ஸ்கேன் எடுக்கவும் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருந்துறை.