ரிசீவர் சொத்தை விற்க ஒரு விதி எழுதுங்கள்

உயர் நீதிமன்ற விதிக்குழுவில் இருக்கும் நீதியரசர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

ரிசீவர் என்பவர் வழக்கு முடியும் வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் போடும் ஆள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் ரிசீவர் வசம் இருக்கும் சொத்தை வாங்க வந்த மூன்றாவது ஆளும் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மனு போட்டுவிட்டார், அதனால்தான் இந்த மடல். வழக்கு நடப்பதால் எந்தக் கோர்ட் என்று எழுதவில்லை.

விற்கலாம் என்று பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. எங்கள் குடும்பம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஆனாலும் ஆள் கிடைத்ததும் ரிசீவர் அனுமதி மனு போட வேண்டும், மதிப்பீட்டு அறிக்கை பழசு என்று திரும்பும், புதுசு வருவதற்குள் நீதிபதி மாறுதலாகிப் போயிருப்பார், அடுத்து வருபவர் தனியாகப் பேசி விற்க வேண்டாம், ஏலம் விடுங்கள் என்பார், அப்புறம் ஏலத்துக்கு எத்தனை நாள் அறிவிப்பு, குறைந்தபட்ச விலையை யார் சொல்வது என்று அதற்கு நாலு வாய்தா.

ஒவ்வொரு தடவையும் எல்லோரும் புதிதாகச் சம்மதப் பத்திரம் தர வேண்டும். அம்மாவுக்கு 78 வயது. "போன தடவை போட்டது செல்லாதாடா?" என்று கேட்டுக்கொண்டேதான் பேனாவை வாங்குவார். இந்த முறை கை நடுங்கி எழுத்து கோணிவிட்டது. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பத்திரம் திரும்பி வந்தது. கடைசியில் பெருவிரல் ரேகை வைத்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர். ரேகை வைத்துவிட்டு விரலை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

ரிசீவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு வழிகாட்ட என்ன இருக்கிறது? 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் விதிகளை ஆணை என்ற பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தீர்ப்பை நிறைவேற்ற விடும் ஏலத்துக்கு ஆணை 21 இருக்கிறது, விதிகள் 106 வரை ஓடுகின்றன. அறிவிப்பு ஒட்டிக் குறைந்தது 15 நாள் கழித்துத்தான் அசையாச் சொத்தை ஏலம் விடலாம், எடுத்தவர் 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும், மீதியை 15 நாளுக்குள் கட்ட வேண்டும். தண்டோரா போடுவது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ரிசீவருக்கான ஆணை 40-இல் மொத்தமே ஐந்து விதிகள். அவர் வசம் இருக்கும் சொத்தை எப்படி விற்பது என்று அதில் ஒரு வரி கிடையாது. விற்பனை என்ற பேச்சு நாலாவது விதியில் மட்டும் வருகிறது, அதுவும் ரிசீவர் கணக்குக் காட்டாவிட்டால் அவருடைய சொந்தச் சொத்தை ஜப்தி செய்து விற்பது பற்றி! எங்கள் சொத்து விலை போக அந்த மனுஷன் தப்புப் பண்ண வேண்டுமோ என்று சித்தப்பா கேட்கிறார். தப்புப் பண்ணினாலும் போவது அவர் வீடுதான், எங்களுடையது அப்படியே நிற்கும்.

சரி, கிண்டல் போதும். நீதிபதியின் விருப்புரிமையைக் குறைக்கச் சொல்லவில்லை. பொது ஏலமா தனி விற்பனையா என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால் மதிப்பீடு எத்தனை மாதம் செல்லும், அறிவிப்பு எத்தனை நாள், ஒருமுறை கொடுத்த சம்மதம் எதுவரை நிற்கும், அனுமதி மனுவை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதை ஆணை 40-இல் எழுதுங்கள். இந்த ஆணைகள் அடங்கிய முதல் அட்டவணை விதிகளைத் திருத்த 122-வது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, அதைப் பரிசீலித்து அறிக்கை தர வேண்டியது நீங்கள். தயவுசெய்து எழுதுங்கள்.

நான்காவதாக ஒருவர் இடத்தை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
வழக்கில் ஆறாவது பிரதிவாதியின் மகன்