பனியாற்றுக்குப் போகிற மகளுக்கு

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிற்றுக்கிழமை

பாப்பாவுக்கு,

நீ புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய சுவிட்சர்லாந்துத் திட்டத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். சூரிக் இரண்டு இரவு, லூசர்ன் இரண்டு, பெர்ன் இரண்டு, கடைசியாக மலையில் இரண்டு, மறுநாள் விமானம். தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தது தப்பு. புலனத்தில் தட்டினால் நீ பாதியிலேயே விட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அங்கே ஆகஸ்டு கடைசி கோடைக்காலம்தான். இருந்தாலும் சில நாள் நம்மூர் மாதிரி பிற்பகலில் இடியோடு கொட்டும். சில சமயம் மேகம் இரண்டு நாள் மலையை விட்டு இறங்காது. அந்த இரண்டு நாளும் உங்கள் கடைசி இரண்டு நாளாக இருந்துவிட்டால், அவ்வளவு காசு செலவழித்துப் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நகரம் மழையிலும் நகரமாகவே இருக்கும். அதனால் சூரிக்கில் ஒரே ஒரு இரவு. மறுநாள் காலையில் நேரே மலைக்குப் போய் நான்கு இரவு தங்குங்கள். மிச்ச நாளை பெர்னுக்கும் லூசர்னுக்கும் கொடுங்கள். நான்கு இரவு என்றால் மூன்று முழு நாள்: ஒன்று பனியாற்றின் (மலையில் ஆறு மாதிரி மெல்ல நகரும் பனிக்கட்டி) மேல் நடக்க, ஒன்று அதன் ஓரமாக நடக்க, ஒன்று மழைக்கு.

முதல் நாள் சூரிக்கில் பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளாதே. ஆறு மணி நேர வித்தியாசம், இரவு எட்டு மணி உங்கள் உடம்புக்குப் பின்னிரவு இரண்டு. ஏரிக்கரையில் நடந்துவிட்டுப் படுத்துவிடுங்கள். தண்ணீர் போத்தல் வாங்காதே. அந்த ஊரில் 1,200-க்கு மேல் பொதுத் தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன, குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய தாராளமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

டிக்கெட் விஷயம். மாப்பிள்ளை சொல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியான நாட்களுக்குக் கணக்கு. நான்கு இரவு ஒரே மலையில் உட்காரப் போகிறவர்களுக்கு அது வீண். ஒரு மாதம் செல்லும் அரைக்கட்டண அட்டை வாங்கினால் ரயில், பஸ், படகு, பெரும்பாலான கேபிள் கார் எல்லாமே பாதி விலை. 'சூப்பர் சேவர்' என்று மலிவு டிக்கெட் காட்டுவார்கள். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். நாள் நிச்சயமான கடைசி விமான நிலையப் பயணத்துக்கு அதை வாங்கு. மலை நாட்களுக்கு வாங்கினால் வானிலையை விட்டுவிட்டு டிக்கெட்டின் பின்னால் ஓடுவீர்கள்.

மலைக்கு நான் சொல்லும் இடம் பெட்மெரால்ப். சூரிக்கிலிருந்து பெர்ன் வழியாக பிரிக் வரை ஒரே ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் 2007-இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ஷ்பெர்க் சுரங்கப்பாதை வரும். பிரிக்கில் பெரிய பெட்டிகளை லாக்கரில் போட்டுவிட்டு, நான்கு நாள் துணி மட்டும் முதுகுப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு வெளியே, சதுக்கத்திலேயே நிற்கும் சிவப்புச் சிறு ரயிலில் ஏறி பெட்டென் அடிவார நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து கேபிள் கார். மேலே 1,950 மீட்டர், கார் இல்லாத ஊர். கேமரன் மலையில் தானா ராத்தாவை விட ஐந்நூறு மீட்டர் உயரம்.

இன்னும் மேலே பெட்மெர்ஹார்ன் கேபிள் கார் நிலையம், 2,647 மீட்டர். அங்கே போய் நின்றால் ஆலெட்ஷ் பனியாறு காலடியில் வளைந்து கிடக்கும். ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதன் நடுவில் நம் தோட்டத்து மண்சாலையில் லாரி போன தடம் மாதிரி இரண்டு கறுப்புக் கோடு நெடுகப் போகும். மேலே கோன்கோர்டியா என்ற இடத்தில் மூன்று பனியாறுகள் வந்து கலக்கின்றன. ஒவ்வொன்றும் தன் கரையில் தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும், சேர்ந்த பிறகு நடுவில் மாட்டிக்கொண்டு கோடாக வருகிறது. மூன்று ஆறு, இரண்டு கோடு.

இந்தப் பனி நிற்கிற பனி இல்லை. மேல்பகுதி ஆண்டுக்கு 150 மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஆழத்தில் இருக்கும் பனி அழுத்தத்தால் பிசைந்த மாவு மாதிரி வளைந்து கொடுக்கும். மேலே இருப்பது வளையாமல் வெடிக்கும். அதனால்தான் பிளவுகள். புதுப்பனி விழுந்தால் பிளவின் வாயை மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆகஸ்டு கடைசியில் கீழ்ப்பகுதியில் அந்த மூடி உருகி, சாம்பல் நிறப் பனிக்கட்டி வெளியே தெரியும். பிளவுகள் கண்ணுக்குத் தெரியும் என்பதால் புதிதாக நடப்பவர்களுக்கு அதுதான் நல்ல காலம். அப்போதும் கயிறும் வழிகாட்டியும் இல்லாமல் பனிமேல் ஒரு அடி வைக்கக் கூடாது. படம் எடுக்க இரண்டு அடி போய்வருகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னாலும் விடாதே. ஓரத்தில் பனிக்கும் பாறைக்கும் நடுவில் அடியில் உருகி வெறும் கூரையாக நிற்கும் இடங்கள் உண்டு.

வழிகாட்டிப் பயணம் குறிப்பிட்ட கிழமைகளில்தான் போகும். முதலில் அந்த நாளைக் கேட்டுக்கொண்டு மற்றதைச் சுற்றிப் போடு. கயிறு, இடுப்புப் பட்டை, பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் (கிராம்பான் என்பார்கள்) எல்லாம் கொடுக்கிறார்களா என்று பதிவு செய்யும்போதே கேள். கணுக்காலை மூடும், அடி வளையாத பூட்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும். நம்மூர்க் காட்டு ஏற்றத்துக்கு எல்லோரும் போடும் 'கம்போங் அடிடாஸ்' ரப்பர் சப்பாத்து சகதியில் நன்றாகப் பிடிக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடி மெத்தென்று வளைவதால் இரும்புப் பல் கழன்று விழும்.

மாப்பிள்ளை கினபாலு மலைக்குப் போட்ட பழைய பூட்ஸைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், பெரும்பாலும் பாலியூரித்தேன். நம்மூர் ஈரக்காற்றில் அது போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள்ளே மக்கிக்கொண்டிருக்கும். ஐந்து ஆறு வருடம் அலமாரியில் கிடந்த பூட்ஸ் வெளியே புதிதாகவே தெரியும். மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் அடி முழுசாகக் கழன்று வந்துவிடும். கட்டைவிரலால் அந்த அடுக்கை அழுத்திப் பார். பொடி உதிர்ந்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, விரல் பதிந்த குழி திரும்ப எழாவிட்டாலோ தூக்கிப் போட்டுவிடு. பசை போட்டு ஒட்டுவது வேண்டாம், பசை ஒட்டுவதற்கே அங்கே திடமான பொருள் மிச்சம் இருக்காது. புதிது வாங்கினால் தடித்த காலுறை போட்டுக்கொண்டு மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போது அளவு பார். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பயணத்துக்கு முன் 40 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும்.

இரும்புப் பல் மாட்டி நடக்கும்போது பாதத்தைத் தட்டையாக வை, எல்லாப் பல்லும் ஒன்றாகப் பதியட்டும். நாம் சாதாரணமாக நடப்பது போலக் குதிகாலை முதலில் ஊன்றினால் சறுக்கும். கால்களைச் சற்று அகட்டி வை. ஒட்டி வைத்தால் ஒரு காலின் பல் மறுகாலின் கால்சட்டையைப் பிடித்துக் கிழித்துத் தலைகுப்புறத் தள்ளும். கயிறு தரையில் புரளவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அதை மிதிக்காதே. வெயில் அடித்தாலும் கையுறையைக் கழற்றாதே, அந்தப் பனியில் விழுந்து கை ஊன்றினால் தேங்காய்த் துருவியில் தேய்த்தது மாதிரி தோல் போகும். சன் கிரீமை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவு, வெயில் கீழிருந்தும் வரும். நம் நிறத்துக்குச் சுடாது என்று நினைக்காதே.

ஓரமாக நடக்கும் நாளுக்கு வழி இது: பெட்மெர்ஹார்னில் இறங்கி, பனியாற்றின் பக்கச் சரிவில் மேர்யெலென் ஏரி வரை. அங்கிருந்து மலையைக் குடைந்த ஒரு கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாக ஃபியெஷெரால்ப். பிறகு மெல்ல இறங்கும் பாதையில் பெட்மெரால்ப். சுரங்கத்தில் மேலிருந்து சொட்டும், தலைவிளக்கு வைத்துக்கொள். பாதைக் குறியைப் பார்த்து நட: மஞ்சள் மட்டும் என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, கால் உறுதி வேண்டும், நீங்கள் போவது அதுதான். வெள்ளை-நீலம்-வெள்ளை பார்த்தால் திரும்பி விடுங்கள், அது ஏறிப் பழகினவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது எதுவும் கிடையாது, ஒன்றரை மடங்காக்கிக்கொள். முதல் கேபிள் காரில் ஏறுங்கள். 'லெட்ஸ்டே டால்ஃபார்ட்' என்று நிலையத்தில் எழுதியிருப்பது கீழே வரும் கடைசி வண்டியின் நேரம். காலையிலேயே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

பாதை மூடல் என்று பலகை இருந்தால் அது மூடல்தான். பனியாறு சுருங்கியதும் அது தாங்கிக்கொண்டிருந்த மலைச்சரிவு பிடி விடும். 2016-இல் பக்கத்து மூஸ்ஃப்ளூ சரிவு அப்படி நகர ஆரம்பித்துப் பாதைகளை மூடினார்கள். 2025 மே 28 அன்று பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிளாட்டென் என்ற ஊரையே பாறையும் பனியும் சரிந்து மூடிவிட்டது. சில நாட்களுக்கு முன்பே ஊரைக் காலி செய்ததால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

துணியில் ஒன்றே ஒன்று: பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, காற்று அடித்ததும் உடம்பை விறைக்க வைக்கும். உள்ளே பாலியஸ்டர் பனியன், மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேல் மழைச் சட்டை. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் குறையும். சூரிக்கில் 25 இருந்தால் பெட்மெர்ஹார்னில் 11 அல்லது 12, காற்றோடு இன்னும் குறையும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

காப்புறுதிப் பத்திரத்தை வரி வரியாகப் படி. 'கயிறு அல்லது வழிகாட்டி தேவைப்படும் மலையேற்றம்' விலக்கு என்று பல பத்திரங்களில் பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் செய்யப் போவது அதேதான். எழுத்தில் பதில் வாங்கு. அங்கே ஹெலிகாப்டர் மீட்பு இலவசமில்லை. அவசரத்துக்கு 144. நீங்கள் போகும் மலை இருக்கும் வலே மாநிலத்தில் வான்வழி மீட்புக்கும் அதே எண்தான்.

மாப்பிள்ளை ஆசைப்படும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர். 1912-இல் மலைக்குள்ளே போட்டது, சாதனைதான். ஆனால் அங்கே தெரிவதும் இதே ஆலெட்ஷின் தலைப்பகுதி. கட்டணம் பயங்கரம், திடீரென்று அவ்வளவு உயரம் போனால் தலைவலி வேறு. இணையத்தில் காட்டும் அந்த மலையின் நேரலைக் கேமராப் படத்தில் வானம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள். எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை.

மழை நாளுக்கு பெர்ன். பிரிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய ஊரில் ஆறு கிலோமீட்டர் அளவுக்குக் கூரை போட்ட நடைபாதை, நம் கடைவீதி ஐந்தடி மாதிரியே, குடை வேண்டாம். மணிக்கூண்டில் பொம்மைகள் ஆடுவது மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்னாலேயே தொடங்கிவிடும், சரியாக மணிக்குப் போய் நின்றால் வால்தான் கிடைக்கும். லூசர்னில் மரப்பாலத்தை எல்லோரும் காட்டுவார்கள், அதில் பெரும்பகுதி 1993 தீ விபத்துக்குப் பிறகு கட்டியது. நீங்கள் தவறாமல் போக வேண்டியது சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பனியாற்றுத் தோட்டம். 1872-இல் பாறையில் குழிகளைக் கண்டுபிடித்தார்கள், பெரியது ஒன்பதரை மீட்டர் ஆழம். ஒரு காலத்தில் லூசர்னையே மூடியிருந்த பனிக்கு அடியில் தண்ணீர் சுழன்று குடைந்தது. ஆலெட்ஷின் மேல் நடந்துவிட்டு வந்து பார்த்தால்தான் அந்தக் குழி புரியும். மலையை முன்னால் வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டுக்கு அம்மா புளிக்காய்ச்சல் செய்து தருகிறாள். இறைச்சி, பால் பொருள் எதுவும் எடுத்துப் போகாதே, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். மேலே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேகக் கூடுதல் நேரம் விடு. நம் மூன்று சதுர முனைப் பிளக் அங்கே போகாது. அவர்களுடையது மூன்று உருண்டை முனை, துளை குழிக்குள் இருக்கும். தடித்த ஐரோப்பிய அடாப்டர் அந்தக் குழிக்குள் நுழையாது, சுவிஸ் என்று கேட்டு வாங்கு. நடைக்கோல்கள் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில்.

பயிற்சிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. பத்துமலை 272 படி, ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை, ஒரு தடவைக்கு ஐந்து ஏற்றம் ஐந்து இறக்கம். இறக்கத்தை அவசரப்படுத்தாதே, அங்கே முட்டியை வாங்குவது இறக்கம்தான். புறப்பட மூன்று நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடு, இல்லாவிட்டால் இறங்கும்போது பூட்ஸின் முனையில் இடித்து நகம் கறுத்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது மாப்பிள்ளையின் பூட்ஸை எடுத்து வரச் சொல். நானே அழுத்திப் பார்க்கிறேன். விடுதி முன்பதிவை அதற்குள் மாற்றிவிடு, இலவசமாக ரத்து செய்யும் நாள் இந்த மாதம் 30 என்று நீ அனுப்பிய தாளிலேயே போட்டிருக்கிறது.

அன்புடன்,
அப்பா