எண்ணுக்கு முன்னால் வரையறை

ஆசிரியர் அவர்களுக்கு,

மனித உடலில் எலும்புகள் 300 என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை. இன்றைய பாடநூல் 206 என்கிறது. இதைக் காட்டி ஒரு சாரார் பழைய வைத்தியத்தை எள்ளுகிறார்கள். இன்னொரு சாரார் எப்படியாவது கணக்கை ஒப்பேற்றப் பார்க்கிறார்கள். எதையெல்லாம் எலும்பென்று எண்ணினார்கள் என்று இரு தரப்புமே கேட்பதில்லை.

சுசுருதம் எலும்பை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதில் 'ருசகம்' என்பது பல்; 'தருணம்' என்பது மூக்கு, காது போன்ற இடங்களிலுள்ள குருத்தெலும்பு. பல்லிலேயே 32 கூடிவிடுகிறது. இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சரகர் எலும்புகள் 360 என்கிறார்; அதில் பற்களோடு பற்குழிகள் 32, நகங்கள் 20 சேர்ந்திருக்கின்றன.

நம் 206உம் ஓர் உடன்பாடுதான். காதுக்குள் இருக்கும் 6 சிற்றெலும்புகளைச் சேர்க்கிறோம். கால் பெருவிரலின் அடியில், தசைநாணுக்குள் பொதிந்த இரண்டு குட்டி எலும்புகளை விட்டுவிடுகிறோம். அதே இனமான முழங்கால் சில்லை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம். குழந்தையின் இடுப்பெலும்பு பக்கத்துக்கு மூன்று துண்டு. பதின்பருவத்தில்தான் அவை கூடத் தொடங்குகின்றன.

சுசுருதம் சொல்லும் ஆய்வுமுறையையும் பார்க்கவேண்டும். உறுப்புக் குறையாத பிணம். நஞ்சாலோ நெடுநாள் நோயாலோ இறந்தவராக இருக்கக்கூடாது. குடலிலுள்ள மலத்தை நீக்கி, முஞ்சைப் புல், மரவுரி, தருப்பை, சணல் இவற்றில் ஒன்றால் சுற்றி, கூண்டில் வைத்து, ஆற்றில் மறைவான இடத்தில் ஊறப்போட வேண்டும். ஏழு இரவு கழித்து எடுத்து, வெட்டிவேர், மயிர் அல்லது மூங்கில் தூரிகையால் தோலிலிருந்து மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே உள்ளே போகவேண்டும். இப்படி ஊறிய உடலில் எலும்பும் குருத்தெலும்பும் நிற்கும்; மூளை போன்ற மெல்லுறுப்புகள் குழைந்துபோகும். எலும்பைப் பற்றி அந்த நூல் இவ்வளவு விரிவாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மெய்யான பிழை வேறு மாதிரி இருக்கும். விலங்குகளை அறுத்துப் பார்த்த பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன், மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார். அது ஒன்றுதான் என்று 1543இல் உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் காட்டும்வரை ஐரோப்பா அதையே படித்தது.

எண்ணிக்கையில் அகப்படாததும் உண்டு. குந்தி உட்கார்ந்தே வாழ்ந்தவர்களின் கணுக்காலில், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் கீழ்விளிம்பில் முன்பக்கம் வழவழவென்று ஒரு சிறு முகப்பு படிந்திருக்கும். நாற்காலியில் வாழ்ந்தவர்களிடம் அது அரிது. இருவருக்கும் எலும்பு 206தான்.

பழைய நூல்களின் எண்ணிக்கைகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது, எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் வரையறையையும் ஒரு வரி அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்