தண்ணீர்ப்பந்தல் குழுக்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும்: முகாம் வேண்டாம், மறுநாள் வேண்டும்

பினாங்கு ஆலய நிர்வாகத்தினருக்கும், தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் குழுவினருக்கும், பந்தலுக்கு உபயம் தரும் தொழிற்சாலைகளுக்கும் வணக்கம்.

நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த தைப்பூசத்துக்கு இன்னொரு இலவச மருத்துவ முகாம் வேண்டாம். முகாமில் இரத்தத்தில் சீனி கூடுதல் என்று தெரிந்துகொண்ட ஆள் மறுநாள் எங்கே போகிறார், அவரை யார் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். கிளினிக் தனியாக அதைச் செய்ய முடியாது. கோயிலும் தொழிற்சாலையும் சேர்ந்து வந்தால்தான் நடக்கும்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயது வரை உள்ள நோயாளிகளை மட்டும் எடுத்தால், 84 விழுக்காட்டினர் தெரியாமலே நடமாடுகிறார்கள். இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னணியில். 2019 ஆய்வில் இந்தியர்களின் விகிதம் 31.4. காவடி தூக்குகிற வயதும் நோய் தெரியாமல் கிடக்கிற வயதும் ஒன்றாகவே இருக்கின்றன.

முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீள மேசை, பேனர், யாராவது ஒரு யாங் பெர்ஹோர்மாட் (மக்கள் பிரதிநிதி) வந்து விரலை நீட்ட, நாலு பேர் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். பொதுமக்கள் விரலைக் குத்தி, சின்னச் சீட்டில் ஓர் எண்ணை எழுதி, "டாக்டரப் போய்ப் பாருங்க அண்ணே" என்று அனுப்புவோம். அந்தச் சீட்டு சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குப் போய்விடும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பக்கத்துப் பந்தலில் சிரப் பண்டோங் (பால் கலந்த ரோஸ் சிரப்) இரண்டு கப் குடித்துவிட்டு வரிசையில் நிற்பவரின் எண்ணை வைத்து என்ன முடிவு எடுப்பது? வாரக் கணக்கில் விரதம் இருந்தவரின் எண்ணும் அவருடைய வழக்கமான நிலையைக் காட்டாது. ஆகவே பரிசோதனையைத் திருவிழாவை விட்டு வெளியே எடுங்கள். சாதாரண வெள்ளிக்கிழமை சாயங்காலம், அர்ச்சனை முடிந்து மக்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் போதும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை.

கோயிலிடம் இருப்பது கிளினிக்கிடம் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தாமான் (குடியிருப்பு), யார் சொன்னால் கேட்பான் என்பதெல்லாம் உங்கள் மாதர் பிரிவுக்கு அத்துப்படி. கோயிலுக்கு இருவர், பெண்ணொருவர் ஆணொருவர், சம்மதம் தந்தவர்களின் தொலைபேசி எண்ணை மட்டும் வைத்திருக்கட்டும். ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை, "கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று கேட்டால் போதும். சீனி அளவு அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, தெரியவும் கூடாது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையனுக்கு இனிப்பு நீராமே" என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால், அந்தத் தாமானில் அப்புறம் ஒருத்தரும் விரல் நீட்ட மாட்டார்கள்.

திட்டங்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை. தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தாதாரர்களுக்கும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 பெறுபவர்களுக்கும் இலவசப் பரிசோதனை இருக்கிறது. இரண்டும் 40 வயதில்தான் தொடங்குகின்றன. அதற்கு இளையவர்கள் தாமாகக் கிளினிக்குக்கு வர வேண்டும். கட்டணம் ஒரு ரிங்கிட்தான், ஆனால் நேரம்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரை, காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வந்து பத்து மணிக்கு டாக்டருக்குக் காத்திருக்கச் சொல்கிறோம். இரண்டாவது தவணைக்கு அவர் வருவதில்லை. சோம்பேறித்தனம் என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உபயம் தரும் நிறுவனங்களிடம் நான் கேட்பது பெட்டி பெட்டியாகப் பானம் அல்ல. தொடர் சிகிச்சைக்கு வருடத்தில் இரண்டு அரைநாள், சம்பளம் பிடிக்காமல். அந்த உபயத்துக்கு பேனர் கட்ட இடம் கிடைக்காதுதான்.

இப்போது பந்தலுக்கு வருகிறேன். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால், பாட்டில் பானத்துக்கு அரசாங்கம் வரி போடுகிறது. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கியது, 2025-இல் 90 சென்னுக்கு வந்துவிட்டது. அந்த எல்லையை, பானம் கலக்கும் பெரிய பீப்பாயான உங்கள் தோங்குக்குக் கணக்குப் போட்டால், 20 லிட்டருக்குச் சரியாக 1 கிலோ, அதாவது ஒரு பாக்கெட் சீனி. நம் பந்தல்களில் இரண்டு பாக்கெட் உடைத்துக் கொட்டி, சிரப் ஊற்றி, அதன் மேல் கெட்டிப்பாலும் விடுகிறோம். தோங்குக்கு யாரும் வரி கேட்க மாட்டார்கள், உண்மைதான். இந்த ஊர்ப் பயனீட்டாளர் சங்கம், மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில், எத்தனையோ வருடம் சீனியைப் பற்றிக் கத்தியது. நாம் தலையாட்டிவிட்டுக் கரண்டியைக் கலக்கினோம். பந்தலுக்கு அனுமதி தரும் மாநகர் மன்றம் நிபந்தனைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டும்: 20 லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடாது, கெட்டிப்பாலும் சிரப்பும் கணக்கில் சேரும். நீர்மோரும் வெறுந்தண்ணீரும் முன்வரிசைக்கு வரட்டும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: கால். நீரிழிவு முற்றினால் பாதம் மரத்துப் போகும். தை மாத வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ரதத்தின் பின்னால் நடந்து, தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி ஏறி இறங்கியவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. வீட்டுக்குப் போய், பாதத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். புண் ஆறாமல் விரலை எடுத்த கதைகள் வார்டில் நிறைய. காவடிக்குப் பெயர் பதியும்போதே, பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. இன்சுலின் போடுபவர்கள் விரதத்தின்போது அளவை எப்படி மாற்றுவது என்பதையும் அங்கேயே மருந்தாளர் சொல்லலாம். நோன்பு மாதத்துக்கு சுகாதார அமைச்சிடம் வழிகாட்டிக் கையேடு இருக்கிறது. தைப்பூச விரதத்துக்கும் ஒன்று கேட்க நமக்கு என்ன தயக்கம்?

தீபாவளி கழிந்ததும் பந்தல் கூட்டங்கள் ஆரம்பித்துவிடும். அதற்கு முன், தீவில் இரண்டு, எதிர்க்கரைச் செபராங் பிறையில் மூன்று என்றிருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகங்களில் உங்களுடையதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆலயத் தலைவர், பந்தல் பொறுப்பாளர், தொழிற்சாலை மனிதவள அதிகாரி ஆகிய மூவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள். விசாரிக்கப் போகும் அந்த இருவரின் பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்